தொரசானி பார்க்குக் குரோட்டன்

லின்போர்ட் தோட்டம், மேப்பிரிவு,
கொட்டகலை.
08.02.2026

திரு. சுதாகரன் அவர்களுக்கு,

கட்டின புருஷனுக்கு ஒருத்தி இப்படியா எழுதுவான்னு நீங்க நெனைக்கலாம். பொங்கலுக்கு மறுநாளே பையத் தூக்கிட்டு கினிகத்தேனைக்கு பஸ் ஏறின ஆளுக்கு வேற எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியல.

உங்க நம்பர பிளாக் பண்ணிதான் வச்சிருக்கேன். போன்ல உங்க கொரலக் கேட்டா ஒண்ணு கத்துவேன், இல்லாட்டி அழுவேன். ரெண்டும் பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கும். நடுவுல ஒத்தச் செவுரு வச்சு வரிசையாக் கட்டின லயத்துல இருந்துக்கிட்டு சண்ட போடறது ஸ்பீக்கர் கட்டிச் சண்ட போடற மாதிரிதான். கடுதாசின்னா யார் காதுக்கும் போகாது. பதில் போடறதா இருந்தா தோட்டத்து ஆபீசு விலாசத்துக்குப் போடாதீங்க, அங்க வர்ற கடுதாசி மேசையில கெடந்து காஞ்சப்புறந்தான் நம்ம கைக்கு வரும். பஜார்ல தெரேசா அக்கா கடை விலாசத்துக்குப் போடுங்க.

விஷயத்துக்கு வாறேன். போன நவம்பர் மழையில நம்ம லயத்துக்குக் கீழ ஆத்தங்கரை சரிஞ்சது நீங்க பாத்ததுதான். வெள்ளக்காரன் கொண்டாந்து வச்ச டர்பன்டைன் மரம் நின்ன பக்கம் முழுசாப் பேத்துக்கிட்டுப் போயிருச்சு. பழைய காட்டு மரம் நின்ன பக்கம் மட்டும் தாங்குச்சு. இப்ப கொழும்புலருந்து ஒரு சுற்றாடல் சங்கம் வந்து, மனேஜ்மண்டோட பேசி, தொரசானி பார்க்கத் திருத்தப் போறாங்க. வெள்ளக்காரத் தொர பொஞ்சாதிக்குக் கட்டிக் குடுத்த கல் பெஞ்சு, கல் படி, வளைஞ்ச பாலம் எல்லாம் அப்படியே இருக்கும். வெளிநாட்டுச் செடிய மட்டும் வேரோட எடுத்துட்டு, இந்த மலைக்குன்னே உள்ள செடிய நடணும். வேர் எறங்கி மண்ணப் புடிச்சாத்தான் மேல இருக்குற நம்ம லயம் தப்பும். மே மாசக் கடைசியில மழை எறங்கறதுக்குள்ள செடி புடிச்சிருக்கணும்.

வேலைக்குப் பத்துப் பொம்பளைங்க. அவங்களுக்கு சூப்பவைசர் நான். சிரிக்காதீங்க. புள்ளக் காம்பராவுல அத்தன வாண்டுகள மேய்ச்சவளுக்குப் பத்துப் பொம்பளைங்க ஒரு கணக்கா.

நாளைக்கு மம்பட்டி எடுக்குறோம். அதுக்கு முன்னாடி கேக்குறேன். ஏழு வருஷமாக் கேக்குறதத்தான் கேக்குறேன். நம்ம புள்ள எங்க?

ஆஸ்பத்திரியில ஒரே ஒரு பகல் உசுரோட இருந்தா. நான் வாட்டுல கெடக்கறப்போ நீங்களும் தோட்டத்துல குழி வெட்டுற பொன்னையா மாமாவும் தூக்கிட்டு வந்து பொதச்சீங்க. அவ்வளவு சின்னப் புள்ளைய மயானத்துக்குக் கொண்டு போறதில்ல, ஆத்தோரந்தான்னு தெரியும். பெத்தவளுக்கு எடத்தக் காட்டக்கூடாது, காட்டினா அடுத்தது வயித்துல தங்காதுன்னு தோட்டத்துல சொல்ற பேச்சும் தெரியும். காட்டாம இருந்து எது தங்கிச்சு? பொன்னையா மாமாவும் போன வருஷம் போய்ச் சேந்துட்டாரு. இப்ப அந்த எடம் தெரிஞ்ச ஆளு இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான்.

ஆத்தோரம்னா எந்த ஆத்தோரம்? அது மேல காட்டுலருந்து ரோட்டுப் பாலம் வரைக்கும் ஓடுது. எடத்தச் சொல்ல வாய் வரலன்னா வேணாம். பார்க்குக்குள்ளயா, வெளியவா, அத மட்டும் எழுதுங்க.

இங்க பனி கொட்டுது. அம்மா எனக்குப் பின்னிக் குடுத்த நீலக் கம்பளிச் சட்டைய ஆஸ்பத்திரியில தொலைச்சீங்களே, ஒவ்வொரு பனிக்கும் அத நெனச்சு உங்களத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.

இப்படிக்கு,
ஜெயந்தினி


கினிகத்தேனை
19.02.2026

அன்புள்ள ஜெயாவுக்கு,

நலம், நலமறிய அவான்னு எழுதிட்டு வெட்டிட்டேன். நான் நலமா இல்லன்னு உனக்குத் தெரியும், நீ நலமான்னு கேக்க எனக்கு மொகம் இல்ல.

ஹாட்வெயார் கடையில சீமெந்து மூட்டை எறக்குற வேல. கடைக்குப் பின்னால ஒரு அறையில படுத்துக்கிறேன். முதலாளி சிங்கள ஆளு, நல்ல மனுசன், மத்தியானத்துல வீட்டுச் சோத்துல எனக்கும் ஒரு பங்கு அனுப்புவாரு. இங்க நம்ம பக்கத்துப் பனி கெடையாது. ஆனா மழை தகரத்துல விழுந்தா தூக்கம் போயிரும். நம்ம லயத்துக்குக் கீழ அந்தக் கரை நிக்குதா போச்சான்னு நெனச்சுக்கிட்டே கெடப்பேன்.

சூப்பவைசர் ஆனது சந்தோசம். சிரிக்கல, சத்தியமா. ஆனா ஒண்ணு கேக்கணும் போல இருக்கு. நம்ம ஆளுகள எத்தன காலமா இந்த நாட்டுல வந்தேறின்னு சொன்னாங்க. நம்ம தாத்தனுக்கு இங்கயும் பிரஜாவுரிம இல்ல, இந்தியாவுலயும் இல்லன்னு நடு வழியில நிப்பாட்டி வச்சாங்க. அந்த வம்சத்துல வந்தவ நீ, ஆத்தோரத்துல நின்னு செடியப் பாத்து ‘நீ இந்த மண்ணா, வெளியூரா’ன்னு கேட்டுப் புடுங்கறியேடி. இது உனக்கே வேடிக்கையா இல்லையா?

நீ கேட்டதுக்கு வாறேன். ரெண்டு கடுதாசி எழுதிக் கிழிச்சிட்டேன், இது மூணாவது.

புள்ள பார்க்குக்குள்ள இல்ல. நீ நிம்மதியா வேல செய்யி.

இதுக்கு மேல கேக்காத ஜெயா. நான் கல்லு இல்ல. ஒன்ன நோகடிக்கணும்னு மறைக்கல. சொல்லக்கூடாதுன்னு சொன்னத சொல்லி, அதனால நாளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அத என்னால தாங்க முடியாது.

பார்க்குல அந்த வளைஞ்ச பாலத்தடியில மண்ணு பொதபொதன்னு இருக்கும். அந்தப் பக்கத்தக் கடைசியா வச்சுக்கிட்டா நல்லது. ஆளு சறுக்கி விழுந்துரப் போறாங்க.

சுதா


லின்போர்ட் தோட்டம்
08.03.2026

சுதாகரனுக்கு,

உங்க கடுதாசிய கடையில வச்சே பிரிச்சேன். பார்க்குக்குள்ள இல்லன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்களே, அதப் படிச்சதும் பெருமூச்சு விட்டேன். தெரேசா அக்கா என்னடி நல்ல சேதியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். நீங்க கல்யாணத்துக்கப்புறம் எனக்குச் செஞ்ச நல்ல காரியம் அந்த ஒரு வரிதான்.

அன்னைலருந்து வேல ஓட்டமா ஓடுது. உண்ணிச்செடி, மஞ்சப்பூ இஞ்சி, பேர் தெரியாத கொடி எல்லாம் மனுசன் ஒயரத்துக்கு நின்னுச்சு. மஞ்சப்பூ இஞ்சிய வெட்டினாப் பத்தாது, கெழங்கு ஒரு துண்டு மண்ணுல தங்கினாலும் திரும்ப மொளைக்கும். மண்டி போட்டுக் கையாலதான் துழாவணும். அட்டை கடிக்கு உப்பு மூட்டைய இடுப்புல கட்டிக்கிட்டு வாறோம். எங்களுக்கு மேல நிலக்ஷின்னு ஒரு புள்ள, சங்கத்துல ஆபீசர், தலவாக்கலைக்காரி, படிச்ச திமிரு இல்லாதவ. அவதான் எது இந்த மலைச் செடி, எது வெளிச் செடின்னு காட்டறா. கல் பெஞ்சத் தேச்சுக் கழுவினோம். தொர பேரு, தொரசானி பேரு, 1911ன்னு வருஷம், எல்லாம் எழுத்து எழுத்தா வந்துருச்சு.

நீங்க கேட்ட வேடிக்கைக்கு பதில். நான் செடிகிட்ட பாஸ்போட் கேக்கல. மண்ணப் புடிப்பியா விட்ருவியான்னுதான் கேக்குறேன். நம்ம ஆளுக இந்த மண்ண எரநூறு வருஷமாப் புடிச்சிட்டிருக்காங்க, நம்மள எவனும் புடுங்க முடியாது. விட்டுட்டு பஸ் ஏறினவங்க வந்தேறி பேச்செல்லாம் பேச வேணாம்.

பாலத்தடியக் கடைசியா வைக்கச் சொன்னீங்க. நிலக்ஷி கேக்கல. மண்ணு பலமில்லாத எடத்துலதான் மொதல்ல செடி புடிக்கணும்கிறா, அதுவும் ஞாயந்தானே. அங்க பாத்தா செவப்புக் குரோட்டன், அங்கொண்ணு இங்கொண்ணா, வரிசையும் இல்ல ஒழுங்கும் இல்ல. தொரசானி தூக்கத்துல நட்டுருப்பா போலன்னு சிரிச்சோம். எல்லாத்தையும் புடுங்கி மேல குவிச்சாச்சு, காஞ்சதும் கொளுத்தணும். பெரிய பாறைக்குப் பக்கத்துல ஒண்ணு மட்டும் அசையவே மாட்டேன்னுச்சு. என் புருஷன் பிடிவாதம் இதுக்கு இருக்குன்னு சொல்லிக்கிட்டே காலக் குடுத்து இழுத்தேன். வந்துச்சு. வேர்ல நீல நெறத்துல கம்பளி நூல் மாதிரி என்னமோ சிக்கிக் கெடந்துச்சு. காளியாயி அக்கா, அதான் நம்ம கடைசிக் காம்பரா அக்கா, அவங்களும் என் கூட்டத்துலதான், ஆத்துல வந்த கந்தலா இருக்கும் போடுன்னாங்க. செடியோட சேத்துப் போட்டுட்டேன்.

ஒரு உதவி. நடவேண்டிய மரத்துல வெரளியும் இருக்கு. கினிகத்தேனைப் பக்கம் வீட்டுக்கு வீடு வெரளி நிக்கும். நல்ல கன்னு ரெண்டு மூணு கெடச்சா வச்சிருங்க. அச்சாறுக்குக் காய் அனுப்பினாலும் வேணாம்னு சொல்ல மாட்டேன்.

ஜெயந்தினி


கினிகத்தேனை
13.03.2026

ஜெயா,

குரோட்டனக் கொளுத்தாத. குழிய மூடாத. இத மொதல்ல எழுதிட்டேன்.

தெரேசா அக்கா கடைக்கு போன் பண்ணப் போனேன். நம்பர அழுத்திட்டு வச்சுட்டேன். இத இன்னொருத்தர் வாய் வழியா ஒனக்குச் சொல்ல எனக்கு மனசு வரல. கூரியர்ல போடுறேன், நாளைக்குக் கெடச்சிரும்.

நான் எழுதினது பொய்யி. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாத்தேன்.

அந்தக் குரோட்டன் தொரசானி நட்டது இல்ல. அப்பன்மாரு நட்டது. மேப்பிரிவுல பொறந்து தங்காம போன புள்ளைங்க எல்லாம் அந்தப் பாலத்தடியிலதான். வெள்ளக்காரன் போனப்புறம் அங்க யாரும் எறங்கறதில்ல, மண்ணும் எளசு, அதனால அந்த எடம். பொதச்சதும் ஒரு குரோட்டன் கம்ப முறிச்சு ஊணிட்டு வருவோம். தண்ணி ஊத்தாட்டியும் அது புடிச்சுக்கும், ஆடு மாடும் கடிக்காது. வீட்டுக்கு வந்து எடத்தப் பத்தி ஒரு வார்த்த பேசறதில்ல. எங்கப்பன் பேசல, பொன்னையா மாமா பேசல, நானும் பேசல.

பாறைப் பக்கத்துக் குரோட்டன் நான் ஊணினது.

உன் நீலக் கம்பளிச் சட்டைய நான் தொலைக்கல ஜெயா. ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளத் துணியில சுத்திக் குடுத்தாங்க. அன்னைக்கும் பனிதான். அந்தத் துணி பத்தாதுன்னு தோணிச்சு.

சுதா


லின்போர்ட் தோட்டம்
22.03.2026

உங்களுக்கு எப்படித் தொடங்கறதுன்னு தெரியல. அதனால பேர் போடல.

கடுதாசி கெடச்சப்போ கடைக்கு அரிசி வாங்கப் போயிருந்தேன். அரிசிய அங்கேயே விட்டுட்டு ஓடினேன். குவியல் காஞ்சு போச்சு, தீ வைக்கல. ஒவ்வொரு செடியா எடுத்து ஒதறிப் பாத்தேன். நூல் கெடச்சுது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். கழுவி சாமிப் படத்துக்கிட்ட வச்சிருக்கேன். அம்மா அந்தச் சட்டையப் பின்னும்போது நான்தான் நூலப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அந்த நூல என் கையால மண்ணுலருந்து இழுத்து, கந்தல்னு வீசிருக்கேன். சிரிச்சுக்கிட்டே இழுத்தேன். காலக் குடுத்து இழுத்தேன். இத நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?

நான் குவியலக் கலைக்கறதப் பாத்து பொம்பளைங்க எல்லாம் வந்துட்டாங்க. பைத்தியம் புடிச்சிருச்சான்னு கேட்டாங்க. சொல்லிட்டேன். மறைக்க எனக்கு ஆம்பளைங்க மனசு இல்ல.

அப்புறம் காளியாயி அக்கா தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. ‘அடிப்பாவி, இந்தக் கையால எத்தனையப் புடுங்கினேன்’னு கேட்டாங்க. பத்துப் பேர்ல ஆறு பேருக்கு அந்த மண்ணுல புள்ள இருக்கு, என்னச் சேத்தா ஏழு பேரு. ஒருத்திக்கும் எடம் தெரியாது. பெத்தவங்களே தேடிப் போய் அடையாளத்தப் புடுங்கிப் போட்டுட்டு வந்திருக்கோம். இப்படியும் ஒரு கூத்து இந்தத் தோட்டத்துல தவிர வேற எங்கயாவது நடக்குமா? நீங்க எல்லாரும் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இது நடந்திருக்குமா?

அடுத்தது தங்காதுன்னு பயந்தீங்க. சரி. எது அந்த அடுத்தது? எங்க இருக்கு? பொறக்காத ஒரு புள்ளைக்காகப் பொறந்த புள்ளைய எங்கிட்டருந்து மறைச்சீங்க. அவ ஒரு பகல் இருந்தா. கண்ணத் தொறந்து என்னப் பாத்தா. நான் அவளுக்கு ஒரு பூ வைக்கக் கூடாதா? பார்க்குக்குள்ள இல்லன்னு எழுதினப்போ உங்களுக்கு மனசு உறுத்தலையா? அந்த வரிய நம்பித்தான் நான் பாலத்தடியில எறங்கினேன்.

நிலக்ஷியும் அழுதா. அழுதுட்டு, அக்கா குரோட்டனத் திருப்பி நட முடியாது, மேலிடத்துல விட மாட்டாங்கன்னா. செடி புடுங்கின குழி எல்லாம் அப்படியேதான் இருக்கு. சித்திர வருஷப் பொறப்பு வரைக்கும் அந்தப் பக்கம் ஒண்ணும் நடாம பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கா. அதுக்கு மேல அவளால முடியாது. மழைக்கு முந்தி செடி வைக்கலன்னா கரை போயிரும். கரை போனா குழியும் போயிரும், புள்ளைங்களும் போயிருவாங்க.

எனக்கு நூல் இருக்கு. பாறை இருக்கு. காளியாயி அக்காவுக்கு என்ன இருக்கு? அவங்க பையன் போய் முப்பது வருஷத்துக்கு மேல. புருஷனும் செத்துட்டாரு. தெனமும் வந்து, ஒரு குழிக்கும் இன்னொரு குழிக்குமா நடந்துட்டுப் போறாங்க. நேத்து என் கையப் புடிச்சுக்கிட்டு, உன் புருஷனுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க.

வருஷப் பொறப்புக்கு வாங்க. எனக்காக வர வேணாம். எல்லாப் பொம்பளைங்க முன்னாலயும் அந்தக் கரையில நின்னு, உங்க வாயால சொல்லுங்க. வரலன்னா இனிமே கடுதாசியும் வேணாம்.

ஜெயந்தினி


கினிகத்தேனை
02.04.2026

ஜெயா,

உன் கடுதாசிய சட்டப் பையிலயே வச்சிருக்கேன். மூட்டை எறக்கும்போது வேர்வையில நனஞ்சு எழுத்து கரைஞ்சு போச்சு. கரைஞ்சும் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியுது.

நீ திட்டினது அத்தனையும் சரி. மனசு உறுத்தலையான்னு கேட்ட. உறுத்திச்சு. அதனாலதான் பாலத்தடியக் கடைசியா வச்சுக்கன்னு எழுதினேன். கோழைக்கு அவ்வளவுதான் வருது, நேராச் சொல்ல வரல.

ஞாயித்துக்கிழமையானா காணாமப் போயிருவேன், பஜார்ல தண்ணி போடறேன்னு நீ சந்தேகப்படுவ. நான் மறுத்துப் பேசினதே இல்ல. கிட்ட வந்து மோந்து பாத்துட்டு வாசன வரலன்னா, சாமர்த்தியமா மறைக்கிறேன்னு திட்டுவ. நான் அங்கதான் போவேன். அந்தச் செடியச் சுத்திப் புல்லு புடுங்கிட்டு, பாறையில ஒக்காந்திருப்பேன். அவகிட்ட என்ன பேசறதுன்னு தெரியாது. தோட்டத்துப் பேச்சு பேசுவேன். இன்னைக்குக் கொழுந்து கொறைவு, வேல வாங்குற கண்டாக்கு ஐயா ஏசினாரு, ஒங்கம்மா கோவமா இருக்கா, அப்படி. பொங்கலன்னைக்கு நீ தட்ட வீசிட்டு எங்க என் புள்ளன்னு கேட்டியே, அப்ப நான் அங்கருந்துதான் வந்திருந்தேன். கால்ல அந்த மண்ணு இருந்துச்சு. ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு அங்க நிக்க முடியல. அதான் பஸ் ஏறினேன்.

பயந்தது நெசம். அந்தப் பேச்சு பொய்யா இருக்கும்னு எனக்கும் தோணும். ஆனா நெசமா இருந்து, நான் காட்டி, நமக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா? அந்தப் பழி ஒம் மேல விழும். லயத்துல எவளாவது உன்ன ஒரு வார்த்த சொல்லுவா. அப்படி யோசிச்சேன். உன்கிட்டயே ஒரு தடவ கேட்டிருக்கலாம். கேக்கல.

காளியாயி அக்கா சங்கதிதான் எனக்கு வழி தெரியல. அவங்க பையன் போனப்போ எனக்கு மூணு நாலு வயசு இருக்கும். எது யாருதுன்னு முழுசாத் தெரிஞ்சது பொன்னையா மாமாவுக்கு மட்டுந்தான், அவரோட போச்சு. எனக்கு நம்ம எடம் ஒண்ணுதான் தெரியும். அக்கா மொகத்தப் பாத்து, எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்லப் போறேன்?

வாறேன். வருஷப் பொறப்பு அன்னைக்குக் காலம்பற பஸ்ல. முதலாளி தோட்டத்துல நல்ல வெரளிக் கன்னு மூணு தோண்டி வேர்ல மண்ணோட சாக்குல கட்டி வச்சிருக்கேன். எதுக்குன்னு கேட்டாரு. மகளுக்குன்னேன். வெளியில அந்த வார்த்தையச் சொன்னது அதுதான் மொதத் தடவ.

சுதா


லின்போர்ட் தோட்டம்
26.04.2026

ஏங்க,

வந்தீங்க, நின்னீங்க, சாயந்தர பஸ்ஸுக்குப் போயிட்டீங்க. வருஷப் பொறப்புக்குப் பால் சோறு ஆக்கி மூடி வச்சிருந்தேன். சாப்பிடச் சொல்லி நான் கூப்பிடல, சாப்பிடறேன்னு நீங்களும் கேக்கல. மறுநாள் அத எடுத்துக்கிட்டுப் போய் பொம்பளைங்களுக்குக் குடுத்தேன்.

நேர்ல சொல்ல வராதது எழுதினா வருது. அதனாலதான் இன்னும் உங்க நம்பர தொறக்கல.

நீங்க பாறைக்கிட்டப் போய் நின்னு, இங்கதான்னு சொன்னீங்களே, அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் நான் இத்தன வருஷம் மல்லுக்கு நின்னேன். கேட்டா அழுகை வெடிக்கும்னு நெனச்சிருந்தேன். அப்படி ஒண்ணும் ஆகல. ஒக்காந்துட்டேன், அவ்வளவுதான். தலைமாடு எந்தப் பக்கம்னு கேட்டேன். தண்ணி வர்ற பக்கம்னீங்க. இப்ப எனக்கு அவ எப்படிப் படுத்திருக்கான்னு தெரியும். நூலத் திரும்ப மண்ணுலயே வச்சு, அதுக்கு மேல வெரளிக் கன்ன நட்டோம். நேத்து பாத்தேன், செவப்பா ஒரு துளிர் விட்டிருக்கு.

உங்களப் பாத்துட்டு மத்த ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா கல் படியில எறங்கினதப் பாத்தீங்களா? யாரும் கூப்பிடல. வந்து, பொஞ்சாதிய ஏறிட்டுப் பாக்காமலே, இது நம்மளதுன்னு காட்டிட்டு ஓரமா நின்னாங்க. மேல் லயத்து அண்ணன் ஒருத்தர் காட்டினதுக்கப்புறம் அங்கேயே மண்ணுல ஒக்காந்து, சின்னப் புள்ள மாதிரி தேம்பினாரு. அந்த மனுசன் கல்யாணத்துலயும் சிரிக்காதவரு, சாவுலயும் அழாதவரு. நிலக்ஷி ஒவ்வொரு குழிக்கும் செடி கொண்டாந்தா. காட்டுக் காசித்தும்பை, ஊதாப்பூ போவிட்டியா, மரப்பன்னை. அவங்கவங்க புடிச்சதக் கேட்டு வாங்கி நட்டாங்க. மழை வர்றதுக்குள்ள பாலத்தடி முழுக்க மூடிரும்கிறா.

இப்ப காளியாயி அக்கா சங்கதி.

எல்லாம் முடிஞ்சப்புறம் அக்கா உங்க முன்னால வந்து நின்னாங்க. தம்பி, எம் பையன் எங்கப்பான்னு கேட்டாங்க. நீங்க எனக்கு எழுதின கடுதாசி என் மனசுல ஓடுது. தெரியாதுன்னு சொல்லப் போறாரு, அக்கா எப்படித் தாங்கப் போறாங்கன்னு நெனச்சேன். நீங்க சுத்திப் பாத்தீங்க. யாரும் காட்டாம மிச்சமிருந்த குழி நாலு. கல் பெஞ்சுக்குக் கீழ இருந்த ஒரு குழிக்கிட்டப் போயி, ‘இதுதான் அக்கா. அண்ணன் உசுரோட இருக்கும்போது ஒரு தடவ எனக்குக் காட்டினாரு’ன்னு சொன்னீங்க.

ஏங்க, அக்கா புருஷன் அந்த அண்ணன் செத்தப்போ நீங்க பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தீங்க.

அக்காவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தோணல. இல்ல, தோணியும் விட்டுட்டாங்களோ, எனக்குத் தெரியாது. மண்டி போட்டு, குழிக்குள்ள கைய விட்டு மண்ணத் தடவினாங்க. நிலக்ஷி காசித்தும்பையக் குடுத்தா, வேணாம்னுட்டாங்க. காஞ்ச குவியல்ல போயி, உள்ள பச்ச இருந்த குரோட்டன் கம்பு ஒண்ணத் தேடி எடுத்து ஊணினாங்க. அப்பன் நட்டது அப்படியே இருக்கட்டும்னாங்க. நிலக்ஷி பக்கத்துலதான் நின்னா. ஆத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு, நான் அந்தக் கம்பப் பாக்கல அக்கான்னா. தொர பேர் வெட்டின பெஞ்சுக்குக் கீழ இப்ப அந்த ஒத்தக் குரோட்டன் நிக்குது.

நீங்க போனப்புறம் எனக்குக் கோவம் வந்துச்சு. எனக்கு ஒரு பொய் சொன்னீங்க, அது என் கையால என் புள்ள அடையாளத்தப் புடுங்க வச்சுச்சு. திரும்பவும் ஒரு பொய்யான்னு ஆத்திரம். அக்காகிட்ட உண்மையச் சொல்லிரணும்னு கூட ஒரு நாள் காலையில கெளம்பிட்டேன். வேலைக்குப் பேர் கூப்பிடற பெரட்டுக்கு முந்தி, இருட்டு விலகற நேரம். கல் படியில எறங்கும்போதே பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. அக்கா ஒரு தகர வாளியோட ஒக்காந்து, அந்தக் கம்புக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆனது, அவன் தம்பி கொழும்புல கடையில நிக்கிறது, அப்பன் செத்தது, வீட்டுக் கத பூராவும் வரிசையா சொல்லிக்கிட்டிருக்காங்க. முப்பது வருஷக் கத. நான் அப்படியே திரும்பி வந்துட்டேன்.

வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். அந்தக் குழியில ஒரு குரோட்டன் நின்னுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதையும் நான்தான் புடுங்கினேன். அப்ப அங்க ஒரு புள்ள இருக்கு. காட்ட அப்பன் இல்லாம, கேக்க அம்மா இல்லாம, யாரும் வராத புள்ள. அக்கா பையனாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இத்தன வருஷத்துல அதுகிட்ட ஒருத்தர் ஒக்காந்து பேசறது இதுதான் மொதத் தடவ. இத நான் போய் நிப்பாட்டவா?

அந்தப் பொய்ய நானும் சுமந்துக்கிறேன். எனக்குச் சொன்ன பொய்ய மட்டும் இன்னும் முழுசா மன்னிக்கல, அதையும் சொல்லிடறேன்.

இன்னும் மூணு குழி மிச்சம் இருக்கு. காட்ட யாரும் வரல. நிலக்ஷி செடி வச்சுட்டா, தண்ணி ஊத்தத்தான் ஆளு இல்ல. நம்ம வெரளிக்கு ஊத்திட்டு அதுகளுக்கும் நான்தான் ஊத்துறேன். ஆத்துலருந்து வாளி வாளியாத் தூக்கி எனக்கு இடுப்பு போயிருச்சு. ஞாயித்துக்கிழமையானா நீங்க எப்பவும் போற எடந்தானே. வாங்க. வரும்போது நல்ல வாளி ஒண்ணு கொண்டாங்க. சோறு ஆக்கி வைக்கிறேன், இந்தத் தடவ சாப்பிடுங்க.

ஜெயா